ஊரே துக்கத்தில் இருக்கும்போது சபை என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் கோவையில் 58 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் வீடுகள் மேல் சுவர் விழுந்து 17 பேர். 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர். 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர். இப்படிப்பட்ட நாட்களில் "நாங்க என்னங்க செய்யறது?" என்றுதான் சபையாரும் பங்கு மக்களும் முதலில் கேட்கிறார்கள். கொங்குப் பகுதிச் சபைகளை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

ஒரு வீட்டு எழவுக்கும் ஊர் எழவுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வீட்டில் பெரிய காரியம் என்றால் பக்கத்து வீட்டார் காபி வைப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் பந்தலுக்குச் சொல்வார், மாமன் மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஊர் எழவில் பக்கத்து வீட்டிலும் ஒரு பிணம் கிடக்கும். மச்சானே அடிபட்டு ஐ.சி.யூ.வில் இருப்பார். தாங்குகிற கை எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்துபோயிருக்கும். ஐஸ் பெட்டி, சாமியானா, குழி வெட்டுகிற ஆள், வண்டி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சொந்தக்காரர்களுக்கும் நாலு வீட்டில் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாது. உடைந்துபோன அந்தக் கைகளுக்குப் பதிலாகக் கொஞ்ச நாளைக்கு நிற்பதுதான் சபையின் வேலை.

"அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. 'உடனே', அதாவது கூடவே, என்ற அந்தச் சொல்லுக்கு உடம்பால் அங்கே இருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு அழ முடியாது.

செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்காதீர்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தால் ஆம்புலன்ஸ் உள்ளே போகத் தடையாகும். இரத்தம் கொடுக்கிறவர்களும் ஆஸ்பத்திரி கேட்ட பிறகு போனால் போதும்.

ஒரே ஒரு பொறுப்பாளரை வையுங்கள். ஆயரோ பங்குத்தந்தையோ இதற்கு வேண்டாம், அவர்கள் வீடுகளில் இருக்க வேண்டியவர்கள். கணக்கு எழுதிப் பழகிய, பதறாத ஒருவர் போதும். அவர் கையில் ஒரு நோட்டு. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: இறந்தவர் பெயர், எந்த ஆஸ்பத்திரி, வீட்டில் யார் மிச்சம், கைக்குழந்தையோ மாத்திரை சாப்பிடும் முதியவரோ உண்டா, சபையிலிருந்து அந்த வீட்டுக்குப் பொறுப்பான இரண்டு பேர் யார். வாட்ஸ்அப் குழு இருந்தாலும் நோட்டு வேண்டும், ஏனென்றால் குழுவில் முன்னூறு செய்திக்கு நடுவே முக்கியமானது புதைந்துபோகும்.

வீட்டுக்கு இரண்டு பேர், அதிலும் ஒருவர் பெண். இது முக்கியம். பதினைந்து பேர் ஒன்றாகப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவதால் அந்த வீட்டுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. போகிற இரண்டு பேரும் முதல் மூன்று நாளும் அதே இரண்டு பேராக இருக்கட்டும். நடந்ததைப் புது முகங்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வைப்பது கொடுமை.

பிணவறை வாசலில் நிற்பவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

2 சாமுவேல் 21-இல் ரிஸ்பாள் என்ற தாயைப் பார்க்கிறோம். கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களைப் பகலில் பறவையும் இரவில் மிருகமும் தொடாதபடி, பாறைமேல் இரட்டுத் துணியை விரித்துக் காத்துக்கிடந்தவள். வேதத்தில் அவள் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. பிணவறை வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாயும் ரிஸ்பாள்தான். அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், இன்னொருவர் காகிதத்துக்கு அலைய வேண்டும்.

காகித வேலை இப்படிப் போகும். விபத்துச் சாவு என்பதால் காவல்துறை பிரேத விசாரணை செய்யும், அதன்பின் பிரேதப் பரிசோதனை. அடையாளம் காட்டும் உறவினரின் ஆதார் நகல், இறந்தவரின் ஆதார் நகல் இரண்டிலும் மூன்று மூன்று பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் கையளிக்கும் ரசீதில் கையெழுத்துப் போடும் முன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, முகவரி நாலையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். பழனிச்சாமி என்பதை பழனிசாமி என்று எழுதிவிட்டால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காப்பீடு எல்லாவற்றிலும் அந்தத் தவறு தொடரும். கட்டிய புருசனை இழந்த பெண் ஆறு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடப்பது பெரும்பாலும் ஒரு எழுத்துக்காகத்தான்.

இறந்தவரின் செல்போன், நகை, பணத்தைக் கொடுக்கும்போது ஒரு தாளில் பட்டியல் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ எடுத்துவையுங்கள். பின்னாளில் பங்காளிச் சண்டை வராமல் இருக்க இது உதவும். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள், இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் அவை தேவை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், ஆனாலும் அனுப்பியாயிற்றா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

உடலை அடையாளம் காட்ட யாரையும் வற்புறுத்த வேண்டாம், யாரையும் தடுக்கவும் வேண்டாம். "பாத்தா தாங்கமாட்டீங்க" என்று தாயை வெளியே நிறுத்துகிறோம். பல நேரம் பார்க்காமல் விட்டதுதான் பிறகு வருடக்கணக்கில் உறுத்துகிறது. முகம் சிதைந்திருந்தால் அதை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிட்டு, கையை மட்டும் பார்க்கலாம், காலை மட்டும் பார்க்கலாம் என்று வழி சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

என்ன பேசுவது?

குறைவாக. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான். எட்டாம் நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோது எல்லாம் கெட்டது.

"ஆண்டவருடைய சித்தம்ங்க", "நல்லவங்களைத்தான் சீக்கிரம் எடுத்துக்கறாரு", "இன்னொரு கொழந்தை இருக்குதல்லங்க, அதைப் பாத்து மனசைத் தேத்திக்கங்க", "போன சென்மத்துக் கணக்கு" என்பதற்குக் கிறிஸ்தவ மாற்றாக "ஏதோ காரணம் இருக்கும்". இவை நான்கையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். உண்மையா பொய்யா என்பதல்ல பிரச்சினை. சொல்கிறவரின் சங்கடம் குறையும், கேட்கிறவரின் பாரம் கூடும்.

சொல்லக்கூடியது: இறந்தவரின் பெயர். "மணி நேத்து ஞாயித்துக்கிழமை பின்னாடி பெஞ்சிலதானே உக்காந்திருந்தான்." பெயரைச் சொன்னால் அழுகை வருமே என்று பயப்பட வேண்டாம், அழுகை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. "எது வேணும்னாலும் சொல்லுங்க" என்பதற்குப் பதிலாக "சாயந்தரம் நான் மாடு கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்தர்றனுங்க" என்று சொல்லுங்கள். கேட்டு வாங்கும் தெம்பு அவர்களிடம் இல்லை. ஆடுமாடு, தண்ணீர் மோட்டார், பள்ளிப் பிள்ளை, கேஸ் சிலிண்டர் எல்லாம் துக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இது பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையா?

இல்லை. இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா 13-இல், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரை அவரே எடுத்துப் பேசுகிறார்: எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா? அல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோதும் (யோவான் 9) அந்தக் கணக்கை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கோபுரம் விழுந்தால் கட்டினவர் யார், பழுது பார்க்காதவர் யார் என்று கேட்க வேண்டும். செத்தவனின் நடத்தையை ஆராயக் கூடாது. நடூரில் உறவினர்கள் நீதி கேட்டுப் போராடினார்கள். அதை விசுவாசக் குறைவு என்று எந்தப் பிரசங்கியும் சொல்லக் கூடாது. நீதி கேட்பதும் அழுகையில் ஒரு பகுதி. சங்கீதங்களில் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: எந்தக் கட்சி, எந்த அதிகாரி என்ற வாதத்தைப் பிணம் கிடக்கும் திண்ணையில் வைத்து நடத்தாதீர்கள்.

விசுவாசி ஒப்பாரி வைக்கலாமா?

வைக்கலாம். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). ஸ்தேவானை அடக்கம் செய்தவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டி "அழாதீங்க" என்று அடக்குவது தவறான வாசிப்பு. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார். துக்கப்படவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை.

சபையில் வாசிக்க 88-ஆம் சங்கீதத்தைச் சொல்வோம். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில் வெளிச்சம் வருவதில்லை. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று தெரிவதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

சாப்பாடு கொடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

எலியா சூரைச்செடியின் கீழ் "போதும், சாகட்டும்" என்று படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி கொடுத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். பெரிய அளவில் செய்ய அரிசிம்பருப்புச் சாதத்தை மிஞ்சியது இல்லை. ஒரே பாத்திரம், குழந்தைக்கும் முதியவருக்கும் தொண்டையில் இறங்கும். 100 பேருக்கு அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, தக்காளி 2 கிலோ, பூண்டு அரைக் கிலோ, எண்ணெய் 1 லிட்டர். கல்யாணக் கணக்கில் இது குறைவு, துக்கத்தில் யாரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. தண்ணீர் மூன்று மடங்கு, குழைவாக இருக்கட்டும். பெரிய அண்டாவில் அடி பிடிப்பதுதான் வழக்கமான கேடு. தண்ணீர் கொதித்த பிறகே அரிசி பருப்பைப் போட்டு, முக்கால் பதத்தில் தணலுக்கு மாற்றிவிடுங்கள். காலை ஆறு மணிக்குச் சூடாகப் பொட்டலம் கட்டி மதியம் இரண்டுக்குக் கொடுத்தால் ஊசிப்போகும். வயிற்றுப்போக்கோடு அழுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்டாவோடு கொண்டுபோய் அங்கேயே பரிமாறுங்கள்.

100 பேருக்கு டீ என்றால் பால் 5 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், தூள் கால் கிலோ, சர்க்கரை ஒன்றே கால் கிலோ. சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு பிளாஸ்க். பிணவறை வாசலில் காத்திருப்பவர்களை மறந்துவிடுகிறோம், முதல் டீ அங்கே போகட்டும்.

எங்கள் வீட்டுச் சோற்றை அவர்கள் தொடுவார்களா? எந்தத் தெருவுக்குப் போவது?

இந்தக் கேள்வியைச் சபைக்குள் மெதுவாகத்தான் கேட்கிறார்கள். சாதி துக்க வீட்டு வாசலிலும் நிற்கிறது, சபையின் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கிறது. ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறோம்.

நோட்டில் வீடுகளின் வரிசையைத் தேவையைப் பார்த்து எழுதுங்கள். காலனிக்கு வண்டி கடைசியாகப் போகிறதா என்று பொறுப்பாளர் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். பழக்கத்தில் அப்படித்தான் நடந்துவிடும், யாரும் திட்டமிடாமலேயே. காலனி வீட்டுக்குப் போனால் கொடுத்த தண்ணீரை அங்கேயே குடியுங்கள், பாயில் உட்காருங்கள். எடுத்துக்கொண்டுபோன சாப்பாட்டில் நீங்களும் ஒரு கை அவர்களோடு சாப்பிடுங்கள். ஒரு வீட்டார் நம் சமையலைச் சாதி பார்த்து மறுத்தால் அன்றைக்குச் சண்டை வேண்டாம், பால், பழம், தண்ணீர் கேன் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆனால் சபையின் சொந்தச் சமையல் குழுவில் இன்னார் கரண்டி பிடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்து, முஸ்லிம் வீடுகளில் எப்படி நடந்துகொள்வது?

இங்கே ஊர்த் துக்கத்தில் பெரும்பாலான வீடுகள் கிறிஸ்தவ வீடுகள் அல்ல. மாலை போடலாம், பாடை தூக்கலாம், சுடுகாடு வரை நடக்கலாம், தண்ணீர்க் குடம் சுமக்கலாம். சடங்கில் உங்கள் மனச்சாட்சி ஒத்துக்கொள்ளாத பகுதி வந்தால் இரண்டு அடி பின்னால் தள்ளி, கைகட்டித் தலைகுனிந்து நின்றால் போதும். யாரும் தப்பாக எடுப்பதில்லை. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால்தான் மனஸ்தாபம். முஸ்லிம் வீடுகளில் அடக்கம் கூடிய சீக்கிரம் நடக்கும், ஆகவே சாயந்தரம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனை தாமதமாகி உடல் வராமல் இருப்பது அவர்களை இரட்டிப்பாக வாட்டும். அந்த வேலைக்கு உங்கள் ஆள் ஒருவரை அனுப்புவது நல்ல உதவி.

ஜெபிக்க வேண்டுமானால் "ஒரு நிமிசம் ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரிங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். துண்டுப்பிரதி, காலண்டர், அழைப்பிதழ் எதுவும் கையில் இருக்கக் கூடாது. உடைந்த மனதைச் சந்தர்ப்பமாகப் பார்ப்பது அன்பு அல்ல, அதில் வருகிற ஆத்தும ஆதாயமும் ஆதாயம் அல்ல.

வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்திருந்தால்?

திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சோமனூர்த் தறியிலும் பொள்ளாச்சித் தென்னைநார் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே அழ ஆளில்லை. உடல் விமானத்தில் போக வேண்டுமானால் இறப்புச் சான்று, காவல்துறை தடையின்மைச் சான்று, பதப்படுத்திய சான்று, பெட்டிச் சான்று வேண்டும். இந்தி அல்லது ஒடியா பேசுகிற ஒருவரைப் பிடித்து, ஊரில் இருக்கும் குடும்பத்தோடு வீடியோ அழைப்பில் பேச வையுங்கள். அறையில் கூட இருந்த நண்பர்களையும் மறக்காதீர்கள், இங்கே அவர்கள்தான் குடும்பம்.

பொதுவான அஞ்சலி ஜெபம் எப்போது, எப்படி?

அடக்கங்கள் முடிந்த பிறகு. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும், ஆறரை மணிக்கு வைத்தால் வரவேண்டியவர்களே வரமுடியாது. நாற்பது நிமிடம் போதும்: அமைதி, ஒரு சங்கீதம், இறந்தவர்களின் பெயர்கள், சிறிய ஜெபம், மறுபடி அமைதி. பெயர்ப் பட்டியலை முந்தின நாளே ஒவ்வொரு குடும்பத்திடமும் காட்டிச் சரிபாருங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்கு அது இரண்டாவது சாவு. பெயருக்கு ஒரு மணி அடி, அடிக்கும் அடிக்கும் நடுவே பத்து விநாடி. மேடை வேண்டாம், பிரமுகர் பேச்சு வேண்டாம். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் இறந்தவர் படத்தைவிடப் போதகர் படம் பெரிதாக இருப்பதைப் பார்க்கிறோம். பிளக்ஸே வைக்காமல் அந்தப் பணத்தை ஒரு வீட்டு மளிகைக்குக் கொடுங்கள்.

பண உதவி?

முதல் வாரம் கைச்செலவுக்குச் சிறிய தொகை, உறையில், வீட்டுப் பெண் கையில். பெரிய தொகை பிறகு. கூடும் பணத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை சபையில் வாசிப்பு. கொடுக்கிற படம் எடுக்க வேண்டாம்.

இழப்பீடு வந்த பிறகுதான் வேறு தொல்லை. மீட்டர் வட்டிக்காரர் வருவார், பங்காளி வருவார், நிலம் வாங்கலாம் என்று ஒருவர் வருவார். பணம் மனைவி பெயரில் உள்ள கணக்கில் விழுகிறதா, பிள்ளைகள் பங்கு வைப்புத்தொகையாக இருக்கிறதா என்று கூட உட்கார்ந்து பார்க்க ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் சபையில் கட்டாயம் இருப்பார்.

குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது?

"அப்பா செத்துட்டாரு, திரும்பி வரமாட்டாரு" என்று அவர்கள் நம்பும் ஒருவர் மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். "தூங்குறாரு" என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். "சாமி கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றால் சாமி மேல் பயம் வரும். அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் விளையாடப் போனால் விடுங்கள், குழந்தைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் சுமப்பார்கள்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

முதல் வாரங்களில் தூக்கம் இல்லாமை, திடுக்கிடுதல், குரல் கேட்பது போன்ற உணர்வு எல்லாம் பலருக்கும் வரும். செத்துப்போகிறேன் என்று பேசினால் நாள் எண்ணாமல் அன்றைக்கே அழையுங்கள்: 14416 (மனநல உதவி எண்) அல்லது 104 (அரசு மருத்துவ உதவி எண்), தனியாக விடாதீர்கள். ஆறு மாதம் கடந்தும் குளிக்கவும் சமைக்கவும் வேலைக்குப் போகவும் முடியாமல் கிடந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு விரோதம் அல்ல. உதவி செய்கிறவர்களுக்கும் இதே விதிதான், மூன்று நாளுக்கு ஒருநாள் கட்டாய ஓய்வு.

எவ்வளவு நாள் போய்வர வேண்டும்?

ஒரு வருடம். டிவி வண்டி நான்காம் நாள் போய்விடும், அரசியல்வாதிகள் பத்தாம் நாள், சொந்தம் முப்பதாம் நாள். வீடு வெறிச்சோடுவது அதற்கப்புறம். அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதிகள் எழுதுங்கள்: இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஊர் நோம்பி, தீபாவளி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ், வருசத் திதி. அந்தந்த நாளுக்கு முந்தின சாயந்தரம் அதே இரண்டு பேர் போக வேண்டும், வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை.

டிசம்பரில் கேரல் போகும்போது துக்க வீட்டைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம், "எதுக்குங்க தொந்தரவு" என்று. தாண்டாதீர்கள். முந்தின நாளே கேளுங்கள், "வரட்டுங்களா, வேண்டாங்களா?" என்று. வேண்டாம் என்றால் டிரம்மை நிறுத்தி, பெட்ரோமாக்ஸைத் தணித்து, வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்கும்.